எண்ணி வைத்த மாசித் துண்டுகள்

என் கணவர் சரக்குக் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர். தூத்துக்குடியில் ஏறினால் மாலே, கொழும்பு, கொச்சி என்று சுற்றிவிட்டு நாற்பது நாள் கழித்துத் திரும்புவார். பத்து நாள் வீட்டில் இருப்பார். கிளம்பும் அன்று காலை சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அரிவாளால் மாசியை வெட்டுவார். சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, விறகுபோல இறுகும்வரை காயவைத்தால் அது மாசி. மாலேயிலிருந்து அவரே வாங்கி வருவது. நாற்பது துண்டுகளை எண்ணி ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு மூடுவார்.

"ஒரு நாளைக்கு ஒண்ணு. இது தீரும்போது வந்துருவேன்."

சில கப்பல்காரர் வீடுகளில் காலண்டரில் கோடு போடுவார்கள். எங்கள் வீட்டில் ஜாடி. தினமும் ஒரு துண்டை இடித்துத் தேங்காயும் மிளகாயும் சேர்த்துச் சம்பல் செய்வேன். புகை வாசம் கையில் சாயங்காலம் வரை நிற்கும். அவருடைய சட்டையிலும் அதே வாசம்தான்.

மாதவிடாய்க்கு முந்தைய வாரம் எனக்குக் கெட்ட வாரம். வலது பக்கத் தலைவலி, மூக்கடைப்பு, முன்கைகளில் அரிக்கும் தடிப்புகள், மார்பில் கனம். குக்கர் விசில் கேட்டாலே கோபம் வரும். அந்த வாரம் அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் விழுந்தால் இதில் பாதிகூட இருக்காது. ஆகவே அவர் இல்லாததுதான் காரணம் என்று முடிவு செய்திருந்தேன்.

பதினோரு வருடம் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவள் நான். செய்தியில் 'காரணம்' என்ற சொல்லைக் கண்டால் வட்டம் போட்டு, யார் சொன்னது என்று நிருபரைக் கேட்பது என் வேலை. என் விஷயத்தில் வட்டம் போடவில்லை. போனில் அவரிடம் அப்படியே சொன்னேன். அவருக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது.

அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது கேட்டார். "ஹார்பர்ல கரை வேலை ஒண்ணு சொல்லுதாங்க. பாதிச் சம்பளந்தான். சரின்னு சொல்லிரட்டா?"

அவருக்கு எஞ்சின் அறைதான் உலகம் என்று எனக்குத் தெரியும். அவர் தினமும் சாயங்காலம் வீடு திரும்புவதைவிட எனக்கு வேறெதுவும் வேண்டியதில்லை என்பதும் தெரியும். "அடுத்த தடவை வாரப்ப சொல்லுதேன்" என்றேன். ஜாடியை நிரப்பிவிட்டுப் போனார்.

அந்த வாரமே மில்லர்புரத்தில் ஒரு பெண் மருத்துவரைப் பார்த்தேன். வலியைப் பற்றிக் கேட்டு முடித்ததும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். மாசி ஜாடியையும், அவர் வந்தால் வலி குறைவதையும் சொன்னேன்.

"அவர் இருக்கும்போதும் மாசிதானா?"

"அவருக்குக் கப்பல்லயே அலுத்துப்போவும். விடியக்காலமே திரேஸ்புரம் போயி துடிக்கத் துடிக்க மீன் வாங்கிட்டு வந்துருவாங்க."

"அப்போ அவர் வந்தா மாசியும் நின்னுருது."

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

ஹிஸ்டமின் என்றார். ஒவ்வாமையின்போது அரிப்பையும் மூக்கடைப்பையும் உண்டாக்கும் பொருள், உடலே சுரக்கிறது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் அதைத் தூண்டலாம், அது ஈஸ்ட்ரோஜனைத் தூண்டலாம். அதனால் சிலருக்கு அந்த வாரம் மோசமாகலாம். சூரை போன்ற மீன்களிலும், கருவாட்டிலும், ஊறுகாயிலும், நாள்பட்ட குழம்பிலும் ஹிஸ்டமின் கூடுதலாக இருக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் போகாது. "எல்லாம் 'லாம்'தான். உறுதியா நிரூபிச்சதில்ல" என்றார். எனக்கு அந்த மருத்துவரைப் பிடித்துப்போனது.

இரண்டு மாதவிடாய்வரை இவற்றை நிறுத்தி, தினமும் குறித்துவைக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம். புது மீன் சாப்பிடலாம். நடை, தூக்கம். அலர்ஜி மாத்திரையை நானாக வாங்கிப் போடக் கூடாது. மனம் ரொம்பக் கனத்தால் காத்திருக்காமல் வரவேண்டும்.

ஜாடியைத் திறக்காமல் இருந்தேன். முதல் வாரம் நாட்கள் நகர்வதே தெரியவில்லை. காலண்டர் இருந்தது; ஆனால் அதில் வாசம் இல்லை. ஒருநாள் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடினேன். அதையும் நோட்டில் எழுதினேன்.

முதல் கெட்ட வாரத்தில் பெரிய மாற்றமில்லை. இரண்டாவதில் தடிப்பு வரவேயில்லை. நான்கு நாள் தலைவலி ஒரு நாளானது. மார்பின் கனம் அப்படியே இருந்தது.

அவர் வந்து பையை வைத்ததும் அலமாரியைப் பார்த்தார். நாற்பதும் இருந்தன.

"ஏளா, நான் போனதே ஒனக்குத் தெரியலையோ?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கண் சிரிக்கவில்லை.

நோட்டைக் கொடுத்தேன். எஞ்சின் லாக் புத்தகத்தைப் படிப்பதுபோல, வரிசைக்கு வரிசை விரல் வைத்துப் படித்தார்.

"அப்போ நான் இல்லாததுனால இல்ல."

"கையில தடிச்சது அதுனால இல்ல. தலைவலியும் முக்காவாசி இல்ல."

"மிச்சம்?"

"மிச்சத்துக்குக் கரை வேல வேண்டாங்க. நீங்க சுணங்கிப் போயிருவீங்க."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நோட்டை மறைத்திருந்தால் அவர் கப்பலை விட்டு இறங்கியிருப்பார். அந்தப் பத்து நாளில் பலமுறை அப்படி நினைத்தேன்.

கிளம்பும் அன்று அரிவாளை எடுக்கவில்லை. நாற்பதும் இருந்த ஜாடியைத் துவாலையில் சுற்றித் தன் பைக்குள் வைத்தார்.

"கப்பல்லதான் மாசி அலுத்துப்போச்சே" என்றேன்.

"இது வீட்டு மாசில்லா."

இப்போது சாயங்காலம் போன் வந்தால் முதலில் அதைத்தான் சொல்கிறார். "இன்னைக்குள்ளது தின்னாச்சு. இருபத்திமூணு கெடக்கு." அலமாரியில் ஜாடி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் இருக்கிறது. துடைக்கும்போது அதைச் சுற்றித் துடைக்கிறேன்.