ஜெசிந்தாவின் கல் எரிமலைக் கல் அல்ல

ஜெசிந்தா இறந்த செய்தி பள்ளிப் பேருந்தில் வந்தது. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய பெண், "டெங்குவாம், காலையில போயிட்டா" என்றாள். ஜெசிந்தா உட்காரும் இடம் என் பக்கத்தில் காலியாக இருந்தது.

எங்கள் குடியிருப்புத் தமிழ்ச் சங்கத்தில் அவளை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். அப்பா பார்த்தால் கிழித்துவிடுவார். சங்கச் செயலாளர் அவருக்கு மேலதிகாரி.

கறுப்புக் கல் எங்கே கிடந்தாலும் ஜெசிந்தா குனிந்துவிடுவாள். ஒருமுறை எங்கள் கறுப்பு கிரானைட் சமையல் மேடையையே லென்ஸ் வைத்துப் பார்த்தாள். "தோசை ஆறுதுடி" என்றாள் அம்மா.

"கல்லும் இப்படித்தான் ஆறும் ஆன்ட்டி. இது பூமிக்குள்ளேயே மெதுவா ஆறினது, அதான் மணி மணியாத் தெரியுது. எரிமலைக் குழம்பு வெளியே வந்து சட்டுன்னு ஆறினா மணி கண்ணுக்கே தெரியாது. அதான் பசால்ட்."

மறுவாரம் விகாராபாத்திலிருந்து பசால்ட் துண்டொன்றைக் கொண்டுவந்து மேடைமேல் வைத்தாள். மாவு அரைத்ததுபோல ஒரே கறுப்பு. பழைய காற்றுக் குமிழிகளில் வெள்ளைக் கனிமம் அடைத்திருந்தது.

சங்கத்தின் அறிவியல் கண்காட்சிக்கு அவள் இன்னொரு கல் வைத்தாள். பட்டான்செரு தொழிற்பேட்டைச் சாலையோரம் எடுத்தது. கறுப்பு, உடம்பெல்லாம் ஓட்டை. 'எரிமலைக் கல்' என்று சீட்டும் எழுதினாள். கழுவி வைத்ததில் இரண்டு நாளில் துரு பூத்தது. உடைத்தாள். உள்ளே கண்ணாடிப் பளபளப்பு, நடுவில் இரும்புப் பொட்டு. ஏதோ இரும்பு உலையிலிருந்து கொட்டிய கசடு. நடுவர்கள் வருவதற்குச் சற்று முன் சீட்டை மாற்றினாள்.

"எரிமலைன்னே இருக்கட்டும்மா. ஜட்ஜுக்கு என்ன தெரியப் போகுது?" என்றார் செயலாளர்.

"நக்கோ அங்கிள், வேணாம். கறுப்பா, ஓட்டையா இருந்தா எரிமலைன்னா, நம்ம தெரு ரோடும் எரிமலைதான்."

நீங்களும் சிரித்தீர்கள். பரிசு அவளுக்குக் கிடைக்கவில்லை.

நாளை அஞ்சலிக் கூட்டம். அவள் படத்துக்குக் கீழே அந்தக் கண்காட்சிக் கல்லை வைத்திருக்கிறார்கள். 'ஜெசிந்தா கண்டெடுத்த எரிமலைக் கல்' என்று அட்டையும் இருக்கிறது. செயலாளரிடம் சொன்னேன். "இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றார். அவர் எழுதிக் கொடுத்ததைத்தான் நான் படிக்க வேண்டுமாம். "வாய திறக்காத, எனக்கு வேலை முக்கியம்" என்றார் அப்பா. வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே நான் கையை மட்டும்தான் தூக்குவேன்.

சீட்டை மாற்றிய அன்று ஜெசிந்தா சொன்னது ஒன்று என்னிடம் இருக்கிறது: "தப்பா எழுதினது நான். நான்தானே அடிச்சுத் திருத்தணும்?" இனி அவளால் அடித்துத் திருத்த முடியாது. நாளை இந்தத் தாளைத்தான் படிப்பேன். பாதியில் யாராவது மைக்கைப் பிடுங்கினால், கடைசி வரிசைவரை கேட்கும்படி இதை மட்டுமாவது சொல்வேன்: அது உலைக் கசடு. ஜெசிந்தாவுக்கு அது தெரியும்.