அவசரம் என்று சொன்ன பதினொரு வீடுகள்

அக்கா எங்களை விட்டு இறைவனிடம் சென்று ஓராண்டு ஆகிறது. ஆண்டு நிறைவுத் திருப்பலிக்காக ஓசூர் வந்திருக்கும் உறவினர்கள், பங்கு மக்கள், அக்காவுடன் வேலை பார்த்தவர்கள் எல்லோருடைய கையிலும் இந்தச் சிறு மலரைக் கொடுக்கிறோம். இதில் அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அத்தான் சொல்லிவிட்டார். "நீதான அவள ரொம்ப கேலி பண்ணுவ. நீயே எழுது" என்றார். தண்டனை மாதிரிதான் சொன்னார். நியாயமான தண்டனை என்பதால் ஒத்துக்கொண்டேன்.

அக்கா பிறந்தது திருச்செந்தூருக்குப் பக்கத்தில், உப்பளங்கள் சூழ்ந்த ஆறுமுகநேரியில். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தார். பிள்ளைகள் அக்காவும் நானும் மட்டும்தான். பத்தாம் வகுப்பில் அக்கா பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தார். மேலே படிக்க வேண்டுமானால் தினமும் பஸ் ஏற வேண்டும். அப்பா வேண்டாம் என்றார். அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. சில வருடங்கள் கழித்து நான் அதே பஸ்ஸில் ஏறிப் பாலிடெக்னிக் போனேன். வாசலில் நின்று டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்தது அக்காதான். அன்றைக்கு அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. இப்போது எழுதும்போது உறுத்துகிறது.

அத்தானுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. திருமணம் முடிந்ததும் அக்கா இங்கே வந்தார். என் படிப்பு முடிந்ததும் என்னையும் அழைத்து வந்து, அத்தான் மூலமாக ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டார். மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு, வண்டிகளுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனியில் அக்காவும் வேலைக்குச் சேர்ந்தார். சீக்கிரமே அந்த லைனின் மொத்த வேலையும் அவருக்கு அத்துப்படி ஆகிவிட்டது. புதிதாக வரும் சூப்பர்வைசர்களுக்கு வேலை சொல்லிக் கொடுப்பதே அக்காதான். சொல்லிக் கொடுத்த மறுவாரமே அவர்கள் அக்காவுக்கு உத்தரவு போடுவார்கள். சூப்பர்வைசர் ஆகப் பட்டம் வேண்டும். அக்காவிடம் அது இல்லை.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே படிக்கலாம், பன்னிரண்டாம் வகுப்பு படிக்காதவர்களும் ஒரு முன்தயாரிப்புப் படிப்பை முடித்துவிட்டுச் சேரலாம் என்ற அறிவிப்பைப் பார்த்து, அக்கா திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டார். அப்போது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. "யக்கா, காலேஜ் முடிச்சதும் உனக்கு மாப்பிள பாக்கணுமோ?" என்று கேட்டேன். "சிரிக்காதல. அடுத்த சூப்பர்வைசர் வரும்போது நான் பட்டத்தோட நிப்பேன், பாரு" என்றார்.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில், டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில். காலையில் முதல் பூசைக்குப் போய்விட்டு அங்கிருந்து நேராக வகுப்புக்குப் போவார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில், ஒரு பக்கம் கண்டக்டர் ஒருவர், மறு பக்கம் ஒரு நர்ஸ், நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு அக்கா. லைனில் பழுதான பொருள்களில் கட்டுகிற சிவப்பு அட்டை மீந்தால் எடுத்து வந்து, அதன் பின்பக்கத்தில் பாடத்தை எழுதிக் கம்பெனி பஸ்ஸில் மனப்பாடம் செய்வார். முன்பக்கம் 'ரிஜெக்ட்' என்று இருக்கும், பின்பக்கம் 'சமுதாயம் என்றால் என்ன?' என்று இருக்கும். நான் சும்மா இருப்பேனா? பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அக்கா கோபித்துக்கொண்டதே இல்லை.

மூன்றாம் வருடத்தில் களப்பணி என்று ஒன்று வந்தது. படிக்கிறவர் ஒவ்வொருவரும் ஓர் ஊருக்குப் போய், அங்கே மக்களுக்கு என்ன தேவை என்று கேட்டு, அதில் ஒன்றைத் தம்மால் முடிந்த அளவுக்குச் செய்துவிட்டு அறிக்கை எழுத வேண்டும். அது தேறாவிட்டால் பட்டம் கிடையாது. அக்கா பாகலூர் தாண்டி ஒரு சிறிய குடியிருப்பைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்து பல பெண்கள் எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் துப்புரவு வேலைக்கும் கேண்டீன் வேலைக்கும் வந்துகொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாததால் ஒப்பந்தக்காரர் நீட்டுகிற காகிதத்தில் எல்லாம் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சாயங்காலம் எழுதப் படிக்க ஒரு வகுப்பு வைக்கலாம் என்பது அக்காவின் எண்ணம்.

என் வண்டியில்தான் போனோம். அங்கே வீட்டில் பேசுவது தெலுங்கு. வெளியே கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார்கள். அக்கா களப்பணிப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்: "சாயங்காலம் ஒரு படிப்பு வகுப்பு வச்சா உங்களுக்கு வேணுமா?" அந்த வீட்டுப் பெண், பெயர் லட்சுமம்மா, கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து, "அவசரம் அக்கா. சாலா அவசரம்" என்றார்.

அக்கா சட்டென்று எழுந்துவிட்டார். "அய்யோ, மன்னிச்சிரும்மா. நீ வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் அவசரம். அதற்கடுத்த வீட்டிலும் அவசரம். இரண்டு ஞாயிறுகள், வகுப்பு முடிந்த பிறகு போய் ஏறி இறங்கியதில், பதினொரு வீட்டுப் பெண்கள் இதையே சொன்னார்கள். பதினொரு வீட்டிலும் அக்கா பாதியில் எழுந்து வந்தார். திரும்பும்போது, "ஊரே இப்படிப் பறக்கு. சானமாவுக் காட்டுலேருந்து யானை ஏதும் கிளம்பிருச்சோ?" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. தம்மிடம் பேசவே அந்தப் பெண்களுக்கு விருப்பமில்லை என்று மனம் நொந்து போயிருந்தார். அறிக்கையிலும் அப்படியே எழுதினார்: இம்மக்கள் நேரமின்மையால் வகுப்பில் ஆர்வம் காட்டவில்லை.

மக்கள் சொன்ன சொல்லை அப்படியே குறிக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. ஆகவே 'சாலா அவசரம்' என்பதையும் பதினொரு முறை எழுதியிருந்தார். அதுதான் அவரைக் காப்பாற்றியது. கொடுப்பதற்கு முன் அறிக்கையைப் பார்த்துத் தரும் கல்வி ஆலோசகர் ஓசூர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். படித்துக்கொண்டே வந்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாராம். பிறகு சொன்னாராம்: "அம்மா, தெலுங்குல அவசரம்னா தேவைன்னு அர்த்தம். அவங்க பதினோரு பேரும் ரொம்ப வேணும்னு சொல்லியிருக்காங்க. நீங்க எழுந்து வந்துட்டீங்க."

ஓசூரில் பிறந்த ஒரு சின்னப் பிள்ளைகூட இந்தத் தவறைச் செய்யாது. எங்களைப் போலத் தெற்கிலிருந்து வந்து, சிப்காட், வாடகை வீடு, கோயில் என்று மூன்று இடங்களுக்குள்ளேயே பதினாறு வருடங்களை ஓட்டியவர்களுக்கு மட்டும்தான் இது கைவரும். நானும் கூடவே நின்று கேட்டவன்தான்.

அறிக்கையைக் கொடுக்க அப்போது நான்கு நாள்தான் இருந்தது. அதே நேரத்தில் அக்காவின் லைனில் சூப்பர்வைசர் இடம் காலியாகி, அந்தப் பருவத்தில் படிப்பை முடிக்கிறவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நான் வழி சொன்னேன். "யக்கா, 'ஆர்வம் காட்டவில்லை'ங்கறத 'ஆர்வம் காட்டினர்'னு மாத்து. வகுப்பு நடத்துனேன்னு ரெண்டு பக்கம் சேத்து எழுது. எவன் வந்து பாக்கப் போறான்?"

அக்கா அறிக்கையை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "அவுங்க வேணும்னு சொல்லிருக்காங்க. நான் மூஞ்சிக்கு நேரா எந்திரிச்சு வந்திருக்கேன். இத எப்படிலே பேனாவ வச்சித் திருத்துறது?"

அறிக்கையைக் கொடுக்கவில்லை. ஒரு பருவம் போயிற்று. சூப்பர்வைசர் இடமும் போயிற்று. புதிதாக வந்த இளைஞருக்கு அக்காதான் மறுபடியும் வேலை சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதார். அத்தான் இரண்டு நாள் அக்காவிடம் பேசவில்லை. நான், இந்த வயதில் அக்காவுக்கு இந்தப் பிடிவாதம் தேவையா என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மறுபடியும் அந்தக் குடியிருப்புக்குப் போனார். மன்னிப்புக் கேட்க. லட்சுமம்மா முதலில் முகம் கொடுக்கவில்லை. "நீங்க வந்து வேணுமான்னு கேட்டீங்க. வேணும்னேன். ஓடிப்போயிட்டீங்க. கேக்கறது எதுக்கு, ஓடறது எதுக்கு? பெரிய எடத்து பொம்பளன்னு விட்டுட்டோம்" என்றார். அக்கா நடந்ததைச் சொன்னார். லட்சுமம்மாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு அவரே தெலுங்கில் எடுத்துச் சொல்ல, அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அன்று முதல் அந்த ஊரில் அக்காவுக்கு 'அவசரமக்கா' என்று பெயர். தமிழில் கேட்டால் கிண்டல். அவர்கள் மொழியில் கேட்டால் அதைவிட நல்ல பெயர் கிடையாது.

வாரத்தில் இரண்டு சாயங்காலம், பால் சொசைட்டிக் கட்டடத்தில், பால் வண்டி போன பிறகு வகுப்பு நடந்தது. அக்கா அ, ஆவிலிருந்து ஆரம்பிக்கப் போனார். "அது அப்புறம் அக்கா. மொதல்ல கம்பெனி கேட்டுல குடுக்கற ஃபாரத்துல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க" என்றார்கள். ஃபாரத்திலிருந்தே ஆரம்பித்தார். எழுத்து அதற்குள்ளேயே வந்தது. அவர்கள் பதிலுக்கு அக்காவுக்குத் தெலுங்கு சொல்லிக் கொடுத்தார்கள். அறிக்கைக்குத் தேவையான மணி நேரம் சில மாதங்களிலேயே முடிந்துவிட்டது. அக்கா வகுப்பை முடிக்கவில்லை. உடம்பு முடியாமல் படுக்கிறவரை நடத்தினார்.

படிப்பு அக்காவை என்ன செய்தது என்று கேட்டால், கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கிறவராக ஆக்கியது என்பேன். வீட்டில் எல்லோரும் இதைப் பார்த்தோம். எனக்கும் என் மனைவிக்கும் மனவருத்தம் வந்த ஒரு சமயம், அக்கா வந்து உட்கார்ந்து, "ஒனக்கு என்னடா வேணும்?" என்று மட்டும் கேட்டார். அறிவுரை வரும் என்று நான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தேன். வரவில்லை. அவர் காத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நான்தான் பேசினேன். எங்கள் வீடு இன்றைக்கு வீடாக இருக்கிறது என்றால் அந்தச் சாயங்காலத்துக்கு அதில் பங்கு உண்டு.

பட்டம் தபாலில் வந்தபோது அக்கா ஷிப்டில் இருந்தார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தேன். மாலையில் வந்தவரிடம், "யக்கா, பெரிய ரிஜெக்ட் அட்டை ஒண்ணு வந்திருக்கு" என்று நீட்டினேன். அக்கா போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து பிரித்தார். அன்றைக்காவது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா, இத்தனை பேர் முன்னால் இப்போது சொல்கிறேன். உங்களை நினைத்து எனக்கு அன்றைக்கே பெருமையாகத்தான் இருந்தது.

பட்டம் வந்த பிறகும் சூப்பர்வைசர் பதவி வரவில்லை. அக்கா கேட்கவும் இல்லை. கடைசி ஒன்றரை வருடம் சிறுநீரகக் கோளாறால் மிகவும் சிரமப்பட்டார். "உப்பளத்துல பொறந்தவளுக்கு உப்பில்லாத சோறு. நல்லா இருக்குல்ல" என்று டாக்டரிடமே சொல்லுவார். பாகலூர்ப் பக்கத்துப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து பக்கத்தில் இருந்தார்கள். நாங்கள் யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும். இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், செபித்த பங்குத்தந்தைக்கும் எங்கள் தெருவின் செபக் குழுவான அன்பியத்தாருக்கும், தங்கள் விடுப்பை விட்டுக்கொடுத்து அக்காவை ஓய்வெடுக்க வைத்த லைன் தோழிகளுக்கும், உண்மையைச் சிரித்தபடி சொன்ன ஆலோசகர் அவர்களுக்கும், ஆறுமுகநேரியிலிருந்து அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. லட்சுமம்மா இன்று வந்திருக்கிறார். இந்த மலரின் அட்டையை அவர் எழுத்துக் கூட்டித் தாமே வாசித்தார். அவருக்கும் நன்றி.

நன்றி சொல்ல வேண்டிய இன்னும் இருவர் இங்கே இல்லை. லட்சுமம்மாவின் மருமகள் நாகரத்னாவும் அவருடைய நாத்தனாரும். அக்காவிடம் பால் சொசைட்டியில் படித்தவர்கள். திருப்பலிக்கு அழைக்க நான் போன் செய்தேன். நாகரத்னா சொன்னார்: "தப்பா நெனக்காதீங்க அண்ணா. ஞாயித்துக்கெழம எங்க ரெண்டு பேருக்கும் யுனிவர்சிட்டி க்ளாஸ் இருக்கு. விட்டுட்டு வந்தா அக்காவுக்குப் புடிக்காது." இதை நீங்கள் வாசிக்கிற நேரத்தில் அவர்கள் டவுன் பள்ளிக்கூடத்தில், ஆறாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வராமல் இருந்ததற்காக அவர்கள் இருவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.