செத்த ராஜா எழுந்திருக்கவில்லை

என்னைச் சங்கத் தலைவர் என்று மேடையில் உட்கார வைத்து மாலை போடுகிறவர்கள், முதல் போராட்டத்தை எப்படி நடத்தினீர்கள் என்று கேட்பார்கள். கொடி பிடித்தீர்களா, கோஷம் போட்டீர்களா என்பார்கள். இரண்டும் இல்லை. தென்காசியில் ஒரு தகரக் கொட்டகையில், கூட்டம் நெரிந்த பகல் ஆட்டத்தில், பிணமாகப் படுத்துக் கிடந்தேன். அவ்வளவுதான். அதிலேயே ஜெயித்தேன். படுத்துக்கொண்டே ஜெயித்த தலைவர் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், நானே போய் அவருக்கு மாலை போடுகிறேன்.

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. கடையத்துப் பக்கம் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். பதினாறு வயதில் வயலுக்குள் நின்று உழவு மாட்டை ஒரு அதட்டு அதட்டினேன். ரோட்டில் போன வில்வண்டி மாடு மிரண்டு வாய்க்காலில் இறங்கிவிட்டது. வண்டியில் இருந்தவர் ஒரு நாடகக் கம்பெனி முதலாளி. வேட்டியெல்லாம் சகதியோடு ஏறி வந்து, அடிப்பார் என்று பார்த்தால், "ஏலே, நாடகத்துக்கு வாறியா?" என்றார். அன்றைக்கே கிளம்பிவிட்டேன்.

ராஜபார்ட் என்கிற கதாநாயக வேஷம் எனக்குக் கிடைத்ததே இல்லை. என் மூக்கு அப்படி. ஆனால் கிழட்டு ராஜா, மந்திரி, கொள்ளைக்காரன், சாபம் போடுகிற முனிவன் எல்லாம் நான்தான். ராஜபார்ட் ஓடிப்போனால் அடுத்த ஊரில் ஒரு அழகனைப் பிடித்துவிடலாம். ஒரே ஆட்டத்தில் நாலு தாடி மாற்றி நாலு குரலில் பேசுகிறவனை எங்கே பிடிப்பது? அதிலும் சாவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கத்தி பட்டதும் விழுந்துவிட மாட்டேன். சிம்மாசனத்தைப் பிடிப்பேன், நழுவுவேன், ஒரு படி இறங்குவேன், அப்புறம் தேக்குமரம் சாய்கிற மாதிரி சாய்வேன். பலகை அதிரும். முன்வரிசையில் பிள்ளைகள் அழும்.

தென்காசியில் நான் பிணமாகக் கிடந்த நாடகத்தில் ராஜாவைத் தம்பியே குத்திக் கொல்லுகிறான். ராணி செத்த ராஜாவின் தலையை மடியில் வைத்துப் புலம்பிப் பாடுகிறாள். பாட்டுப் பிடித்துவிட்டால் சனம் ஒன்ஸ்மோர் என்று கத்தும். இங்கிலீஷில் வேறு ஒரு வார்த்தை தெரியாதவனுக்கும் அந்த வார்த்தை தெரியும். கத்தினால் திரும்பப் பாடியே ஆக வேண்டும், அது வழக்கம். எங்கள் முதலாளி இன்னும் ஒரு படி மேலே போனவர். "குத்தாம எப்படிலே சாவான்? சாகாம அவ எப்படி அழுவா?" என்பார். ஆகையால் ஒன்ஸ்மோர் கேட்டால் பிணமாகக் கிடக்கிற நான் எழுந்து, கிரீடத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு, சிம்மாசனத்தில் உட்கார்ந்து, மறுபடி குத்துப்பட்டுச் சாக வேண்டும். சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வண்டி வண்டியாகச் சனம் வந்த ஒரு நாள் நான் நாலு தடவை செத்தேன். நாலாவது சாவுதான் சிறப்பாக இருந்தது என்று சொன்னார்கள்.

ராணியாக வந்தவன் என் கூட்டாளி. அப்போது பெண் வேஷமும் ஆண்கள்தான் போடுவோம், ஸ்திரீபார்ட் என்று பெயர். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் விடிந்துவிடும் என்பதால், வசன நோட்டை விரித்து வைத்து அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுப்பான். இரண்டு தடவை கேட்டால் எனக்கு ஏறிவிடும். அரக்கன் வசனத்தைக்கூட அந்த மெல்லிசான குரலில்தான் சொல்லுவான். நான் அதை அரக்கனாக்கிக்கொள்வேன். இன்றைக்கும் என் தலைக்குள் இருக்கிற வசனமெல்லாம் அவன் குரலில்தான் இருக்கிறது.

அந்த வருஷம் குற்றால சீசனுக்காகத் தென்காசியில் கொட்டகை போட்டிருந்தோம். தங்கல் மேலகரத்தில். காலையில் அருவிக் குளியல், மத்தியானம் முதலாளி கையால் பரிமாறுகிற சாப்பாடு, ராத்திரி ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை பகலிலும் ஒரு ஆட்டம். நல்ல பிழைப்புதான். ஒரே தொந்தரவு சாரல். தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்துக்கு மேலே பாட வேண்டும். மைக் எல்லாம் கிடையாது. எனக்கு அது பொருட்டே இல்லை. என் கூட்டாளிக்கு மூன்றாவது வாரத்தில் தொண்டை கரகரத்தது, நாலாவது வாரத்தில் எச்சிலில் ரத்தம் தெரிந்தது.

தென்காசி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஏழு நாள் வாயத் தொறக்கக் கூடாது. இப்படியே கத்திக்கிட்டு இருந்தா இந்தக் குரல் திரும்ப வராது."

முதலாளியிடம் போனோம். கெட்டவர் இல்லை, பதறித்தான் போனார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டத்துக்கு ஊரெல்லாம் தண்டோரா போட்டாகிவிட்டது.

"அது ஒண்ணு மட்டும் பாடட்டும். பொறவு ஏழு நாளென்ன, பத்து நாள் படுத்துக்கிடட்டும்."

"ஒரு தடவ பாடுவான் மொதலாளி. ஒன்ஸ்மோர் கேட்டா?"

"கேட்டா பாடணும். சனம் குடுக்குத மரியாத அது. அத வேண்டாம்னு சொன்ன கம்பெனி எதுவும் வெளங்குனதில்ல."

தென்காசி ரயில்வே ஸ்டேஷனில், இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன் ஒருவர் இருந்தார். எங்கள் ஆட்டம் ஒன்று விடமாட்டார். அவரிடம் இதைச் சொன்னேன். "ஒத்தையாப் போயிக் கேட்டா ஒத்தையா வெளிய போவீரு. எங்கள மாதிரி சங்கம் வச்சுக் கேளும்வே" என்றார். சனிக்கிழமை காலை ஐந்தருவியில் கம்பெனி ஆட்கள் எல்லோரும் கூடினோம். முதலாளிக்கு வேண்டிய ஆள் யாராவது ஒட்டுக்கேட்டாலும் அருவிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்பது என் யோசனை. எங்களுக்கும் கேட்காது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

ஃபயர்மேன் பாறை மேல் ஏறி ஏதோ கேட்டார். எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். என் முதுகுக்கு இன்னும் எண்ணெய் தேய்த்தாகவில்லை. கிண்ணம் தூரத்தில் ஒருவன் கையில் இருந்தது. இங்கே கொண்டு வா என்று கையைத் தூக்கிக் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

பக்கத்தில் நின்ற ஆர்மோனியக்காரரிடம், "எதுக்குவே கை தட்டுதீங்க?" என்று கத்தினேன்.

"நீருதான் தலைவர்."

"யாரு சொன்னா?"

"தலைவரா யாரு நிக்கதுன்னு கேட்டாரு. நீருதான கையத் தூக்கினீரு."

என் கூட்டாளி வாயைத் திறக்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வேறொருவனாக இருந்தால் எண்ணெய்க்குத் தூக்கினேன் என்று சொல்லித் தப்பித்திருப்பான். நான் கையை இறக்கவே இல்லை. அந்தக் கூட்டத்தில் தலைவனுக்குத் தகுந்த உடம்பும் குரலும் வேறு யாருக்கு இருந்தது?

ஒரு பாட்டுக்கு ஒரு ஒன்ஸ்மோர்தான், தொண்டை கெட்டவனுக்கு அதுவும் இல்லை. இதுதான் சங்கத்தின் கோரிக்கை. மத்தியானம் பந்தியில் வைத்துச் சொன்னேன். சாம்பார் வாளியோடு நின்ற முதலாளி, "சங்கமா? யாருலே தலைவரு?" என்றார். நான் என்றேன். "அப்ப தலைவருக்கு இன்னொரு கரண்டி ஊத்துதேன்" என்று ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. சாரல் பிடித்துக்கொண்டது. கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. தம்பி குத்தினான், நான் சாய்ந்தேன், ராணியாக இருந்த கூட்டாளி என் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்தான். பாட ஆரம்பித்தான். கூட்டத்துக்கு அவன் முகம் தெரியும். கீழே கிடக்கிற எனக்குத் தொண்டைதான் தெரியும். ஒவ்வொரு மேல்ஸ்தாயிக்கும் அந்தக் கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. கடைசி அடியில் சத்தம் பாதி, காற்று பாதியாக வந்தது. அதுவே சோகத்தில் விம்முகிற மாதிரி இருந்ததால் சனம் உருகிவிட்டது.

ஒன்ஸ்மோர் என்றார்கள்.

வழக்கமாக மூன்றாவது குரலுக்கு எழுந்துவிடுவேன். பக்கத் தட்டியில் தம்பி கத்தியோடு காத்திருந்தான். நான் எழுந்தால்தான் கூட்டாளி மறுபடி பாட வேண்டும், எழாவிட்டால் குத்தும் இல்லை, சாவும் இல்லை, பாட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அப்படியே கிடந்தேன்.

தட்டிக்குப் பின்னாலிருந்து முதலாளி, "எந்திரிலே" என்றார். செத்தவனுக்கு எப்படிக் கேட்கும்? "ஏலே மூதி, எந்திரி" என்றார். அதுவும் கேட்கவில்லை. படுதாவை இறக்கச் சொன்னார். படுதாக்காரன் சங்கத்து ஆள், கூரை எங்கே ஒழுகுகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். தம்பியை உள்ளே தள்ளினார். அவன் வந்து என் தோளைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி முக்கினான். அவனும் சங்கத்து ஆள், நன்றாகவே முக்கினான்.

பெஞ்சிலிருந்து ஒருவன், "ஓய் ராஜாவே, எந்திரிச்சு ஒழுங்காச் சாவும்" என்றான். சிரிப்பு. ஆனால் பின்னால் தரை டிக்கெட்டில் காலைத் தட்ட ஆரம்பித்தார்கள். தட்டு கூடிக்கொண்டே வந்தது. கொட்டகையைப் பிரித்துவிடுவார்களோ என்று என் கூட்டாளி பயந்து, பாடுவதற்கு மூச்சை இழுத்தான். அது என் காதுக்கு மேலேயே கேட்டது.

கண்ணைத் திறக்காமல், படுத்தபடியே, சாரலுக்கு மேலே கேட்கிற என் குரலில் பேசினேன்.

"மகா சனங்களே, நான் இறந்துவிட்டேன். என் ராணிக்கோ தொண்டையில் ரத்தம். இன்னொரு தடவை பாடினால் அவள் இனி எந்த ஊரிலும் பாடமாட்டாள். அவள் உங்களுக்கு இன்றைக்கு மட்டும் வேண்டுமா, அடுத்த சீசனுக்கும் வேண்டுமா? பிணம் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்."

கால் தட்டு நின்றது. கூரையில் மழை மட்டும். முன்வரிசை நாற்காலியில் ஜரிகைத் துண்டோடு இருந்த மேலகரத்துப் பெரியவர் பின்னால் திரும்பினார். "செத்தவன் சொல்லுதான், கேளுங்கலே" என்றார். கொட்டகை முழுக்கச் சிரித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி, "அந்தப் புள்ளைக்குச் சுடுதண்ணி குடுங்கய்யா, பாத்துக்கிட்டே இருக்கீங்களே" என்றாள். அப்புறம் என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? என் பேச்சுக்கு ஒன்ஸ்மோர் கேட்டார்கள். சங்கத்தின் விதிப்படி ஒரு தடவை மட்டும் திரும்பச் சொன்னேன்.

ஆட்டம் முடிந்து தாடியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது முதலாளி வந்தார். "அந்தப் பேச்ச அப்படியே நாடகத்துல சேத்துருவோமா?" என்றார். முதலில் கோரிக்கை என்றேன். ஆர்மோனியக்காரர் எழுதினார், முதலாளி கையெழுத்துப் போட்டார், கீழே தலைவர் என்று நானும் போட்டேன். கையெழுத்துப் போட இரண்டாம் வகுப்பு தாராளம்.

அதற்குப் பிறகு ஏழு நாள். என் வாழ்க்கையில் நான் பயந்தது அந்த ஏழு நாள்தான். ராணி இல்லாத நாடகமாகப் பார்த்துப் போட்டுச் சமாளித்தோம். கூட்டாளி மிளகுக் கஷாயத்தைக் குடித்துக்கொண்டு, சிலேட்டுப் பலகையில் எழுதி எழுதிக் காட்டுவான். எழுதினால் எனக்கு என்ன தெரியும்? தலையை ஆட்டி வைப்பேன்.

எட்டாம் நாள் காலையில் குற்றாலத்துக்குப் போனோம். அவன் அருவிக்குள் போய் நின்றான். நான் கரையில் பாறையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நனைந்த தலையோடு வந்து என் முன்னால் நின்றான். இரண்டு தடவை எச்சில் விழுங்கினான். வாயைத் திறந்தான்.

"ஏலே, என் துண்டு மேல உக்காந்திருக்க. எந்திரி."

குரல் ஒரு சுற்றுக் கனத்திருந்தது. ஆனால் அதே குரல். எழுந்து துண்டைக் கொடுத்தேன். துவட்டிக்கொண்டே ஆரம்பித்தான்: அன்றைக்கு மடியில் கூடுதல் நேரம் கிடந்ததில் அவன் கால் மரத்துப்போனதாம், என் கிரீடத்தின் முனை தொடையில் குத்தினதாம், பலகையில் அவன் ஒன்று எழுதினால் நான் வேறொன்றுக்குத் தலையாட்டியதில் மூன்று நாள் உப்பில்லாத கஞ்சி குடித்தானாம். மேலகரம் வந்து சேருகிற வரைக்கும் வாயை மூடவில்லை. வழி முழுக்கத் திட்டுத்தான். நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு வந்தேன்.