பெட்டிக்குள் எலுமிச்சை மூடி

வெள்ளைக்காரன் காலத்தில் அம்மை குத்தும் உத்தியோகத்தில் கொல்லிமலை ஏறி, அரியூர் நாடு என்ற மலைப்பகுதியில் தங்கியிருந்தேன். "மேலே சூனியம் வைப்பாங்க, ஜாக்கிரதை" என்று அடிவாரத்திலேயே பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள்.

வீடு பெருக்க வந்த அம்மாளுக்கு நெட்டை உருவம், நெற்றியில் பச்சை குத்து. நான் எறிவது எதையும் வீணாக்க மாட்டார். பிழிந்த எலுமிச்சை மூடி, அடுப்புச் சாம்பல், என் கிழிந்த பனியன் எல்லாம் அவர் மடிக்குள் போய்விடும். எலுமிச்சை, சாம்பல், நான் உடுத்திய துணி! சூனியத்துக்கு வேறென்ன வேண்டும்? அன்றிலிருந்து மூடிகளைத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

சில நாளில் பெட்டி நாறியது. திறந்து பார்க்கும்போது அவர் வந்துவிட்டார்.

"ஏனுங்க சாமி, இத ஆருக்குங்க வெக்கறீங்க?" என்று இரண்டடி பின்னால் போனார்.

"ஐயோ, நீங்க எனக்கு வெச்சிடுவீங்கன்னுதான்..."

"நானுங்களா? உங்க சொம்பு தேய்க்கத்தானுங்க எடுத்தேன்! பனியன் துணியில சாம்பலத் தொட்டு, மூடி போட்டுத் தேச்சா புளி மிச்சமுங்க."

நான் சொன்னதை அவர் நம்பவில்லை. ஆனால் சூனியக்காரன் மூடியானாலும் வீணாக்க மனம் வரவில்லை போலும். கையால் தொடாமல், விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் சொம்பு தங்கமாய் மின்னியது. அதில் கோணலாய்த் தெரிந்த என் மூஞ்சியைப் பார்த்தேன். எனக்கே என்மேல் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது.