ஆத்தாளுக்கு நேர்ந்துவிட்ட ஆராய்ச்சிச் சேவல்

எனக்குச் சேவல்களைப் பிடிக்காது. பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய பிறகு எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகமே ஒரு சேவலுக்கு ஊழியம் செய்வதாக அமைந்துவிட்டது.

வேலை, ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஓர் அறையில். அங்கே எங்கள் டாக்டர் மூளை அணுக்களை வளர்க்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். அடைகாத்த முட்டைக்குள் இருக்கும் குஞ்சின் மூளையிலிருந்து துளி எடுத்து, சேவல் ரத்தத்தில் பிரித்த பிளாஸ்மாவில் வைத்தால், கண்ணாடித் தகட்டின் மேல் அணுக்கள் பாய் விரித்தாற்போலப் பரவ வேண்டும். அதன் மேல் ஊசியால் ஒரு கீறல் போடுவார். அடிபட்ட இடத்தை அணுக்கள் ஊர்ந்துவந்து மூடுமா என்பதே அவருடைய கேள்வி. அணுக்களோ பரவுவதற்கு முன்பே செத்துக்கொண்டிருந்தன. பெரிய மார்க்கெட்டில் வாங்கிய சேவல் மட்டும் நன்றாகக் கொழுத்தது. ரத்தம் எடுக்கும்போது நான் பிடித்துக்கொள்வேன், டாக்டர் இறக்கையில் குத்துவார். சேவல் குத்தியவரை விட்டுவிட்டு என்னைக் கொத்தும்.

அறையைக் கூட்டித் துடைக்கக் குப்பத்திலிருந்து ஓர் அக்கா வருவார். முந்தின வருஷம் கடலில் அவர் கணவரின் தலையில் பாய்மரம் விழுந்துவிட்டது. அன்று முதல் அந்த மனிதர் பெண்டாட்டியைப் பார்த்து, "யாரும்மா நீ?" என்று கேட்கிறார்.

"கட்டிக்கிட்ட நாள்லேருந்து இவ்ளோ மரியாத குடுத்ததே இல்ல அந்த ஆளு" என்று அக்கா சிரிப்பார். ஆனால் மூளைக்கு மருந்து கண்டுபிடிக்கிற அறை என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் இங்கே வேலைக்கு வந்தார். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் பெரிய டாக்டர் வந்து பார்ப்பார், உயிரோடு ஒன்றும் இல்லாவிட்டால் அறையை உடைந்த கட்டில்கள் போட எடுத்துக்கொள்வார் என்று தகவல் வந்தது. டாக்டர் அவசரமாக ஊசியோடு கூண்டுக்குப் போனார். சேவலின் காலில் மஞ்சள் துணி முடிந்திருந்தது.

"ஊசி படக்கூடாது முசே," என்று அக்கா குறுக்கே வந்தார். ஐயா என்பதற்கு எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொல் அது. "உங்க பூச்சிங்க பொழச்சா இந்தச் சேவலையே தர்றேன்னு ஆத்தாளுக்கு நேர்ந்து வுட்டுட்டேன்."

"ஏம்மா, அது ரத்தம் குடுத்தாத்தானே அதுங்க பொழைக்கும்!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. வேறு சேவல் வாங்கிவந்து பழக்க நேரமில்லை. கடைசியில் அக்காவே வழி சொன்னார். மஞ்சள் தண்ணீர் தெளித்தால் சேவல் உடம்பைச் சிலுப்ப வேண்டும், சிலுப்பினால் ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

வெள்ளைக் கோட்டோடு டாக்டர் தரையில் குந்தி, சோதனைக் குடுவையிலிருந்து மஞ்சள் நீர் தெளித்தார். சேவல் கல்லுப்பிள்ளையாராக நின்றது. மறுபடி தெளித்தார். "சிலுப்பேன்டா" என்றார். "சில் வூ ப்ளே" என்று பிரெஞ்சிலும் கெஞ்சினார். நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன். அப்போது சேவல் ஒரு சிலுப்புச் சிலுப்பியது பாருங்கள், டாக்டரின் கண்ணாடி முழுக்க மஞ்சள். வழக்கம்போல என்னைத்தான் கொத்தியது.

அந்த முறை எடுத்த ரத்தத்தில் அணுக்கள் பிழைத்தன. பரவின, கீறலுக்குள் ஊர்ந்து அதை மூடியும் விட்டன. மைக்ராஸ்கோப்பில் பார்த்த பெரிய டாக்டர், கட்டில்களை வேறெங்காவது போடச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்தது.

அக்காவும் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "மூடிக்கிச்சா முசே? அப்ப எங்க ஊட்டுக்காரரைக் கூட்டியாரட்டுமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதில் ஒன்றுமே இல்லாவிட்டாலும். "இது கோழிக்குஞ்சும்மா. மனுஷனுக்கு இன்னும் நாளாவும். நான் இருக்கறதுக்குள்ள வருமான்னு கூடத் தெரியல."

அக்கா துடைப்பத்தை எடுத்தார். "அப்ப வேண்டுதல் பாதிதான் பலிச்சிருக்கு. பாதிக்கு எப்புடி முழுச் சேவல அறுக்கறது? கெடக்கட்டும்."

அந்தச் சேவல் ஊசிக்கு இறக்கையைக் கொடுத்துக்கொண்டு, என்னைக் கொத்திக்கொண்டே கிழடாகிச் செத்தது. அன்று அக்கா அதன் காலிலிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து, துவைத்துக் காயவைத்து, புதிதாக வந்த சேவலின் காலில் கட்டினார்.