ஆகட்டுங்க அங்கப்பன்

எங்கள் வீட்டு லேப்டாப்பின் பொத்தானை அழுத்திவிட்டு, அரிசி களைந்து குக்கரில் வைத்து, கறிவேப்பிலை உருவி, கீழே போய்ப் பால்காரரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தாலும் திரையில் அந்த வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதன் முன்னால் என் வீட்டுக்காரர் அங்கப்பன் காபி டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். வட்டத்தைப் பார்க்கமாட்டார், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். ஆனி மாதம் பிறந்துவிட்டால் பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று எங்கள் தெரு மரங்களைச் சும்மா விடாது. சாரல் விழுகிறதா இல்லையா என்றே தெரியாது. இவர் விழித்திருக்கிறாரா இல்லையா என்பதும் அப்படித்தான்.

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் பிறந்து, கோயமுத்தூருக்குப் படிக்க வந்து, பம்பு செட் கம்பெனியொன்றில் கொட்டேஷன் போடும் வேலையில் சேர்ந்து, அதிலேயே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கம்பெனிக்காரர்கள் விடவில்லை. வீட்டிலிருந்தே போட்டுக் கொடுங்கள் என்றார்கள். "ஆகட்டுங்க" என்றார்.

அவருடைய வாழ்க்கையை எழுதச் சொன்னால் அந்த ஒரு சொல்லை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். பந்தியில் ஒப்புட்டு வைக்க வருகிறவரைப் போதும் என்று தடுக்கத் தெரியாது. ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம் என்றால் மூன்றிலும் போய்ச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார். எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்துக்கு வருஷா வருஷம் இவர்தான் செயலாளர். மற்றவர்களுக்கெல்லாம் மறுக்கத் தெரியும். தாட்சண்யம் தன நாசம் என்று நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். அதற்கும் ஆகட்டும் என்பார்.

இந்த முறை அவர் ஆகட்டும் என்று சொன்னது எனக்கு. பெருந்துறையில் என் அண்ணன் அப்புசாமி, தன் வீட்டை ஒட்டியே எங்களுக்கு ஒரு மனை பார்த்து வைத்திருந்தார். இந்த ஆர்.எஸ்.புரத்து வீட்டை விற்றுவிட்டு அங்கே போய்விட வேண்டும் என்பது என் ஆசை. அண்ணி, அண்ணன் பேரப்பிள்ளைகள் என்று எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். "ஆகட்டும் அம்மணி" என்று சொல்லிவிட்டு அவர் காபியைக் குடித்தார். ஆடி பிறப்பதற்குள் முன்பணம் கொடுத்துவிட வேண்டும் என்று அண்ணன் அவசரப்பட்டார். அதற்கு முன் இந்த வீட்டின் படங்களையும் பத்திர நகலையும் வாங்குகிறவருக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் லேப்டாப்புக்குள் இருக்கிறது, அதுவோ திறக்க மாட்டேன் என்கிறது. பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கும் இல்யாஸைக் கூப்பிட்டேன்.

இல்யாஸ் வந்து உட்கார்ந்து, எதையெதையோ திறந்து பார்த்தார்.

"டிஸ்க் நல்லாத்தானுங்கக்கா இருக்குது. ஆன் பண்ணுன உடனே ஒரு புரோகிராம் பட்டாளமே கூட எந்திரிக்குது, அதான் திணறுது."

"யாரு எந்திரிக்கச் சொன்னது?"

"அண்ணன்தானுங்க. ஒவ்வொண்ணும் வரும்போதே 'நானும் கூடவே ஆன் ஆயிக்கட்டுமா'ன்னு கேட்டிருக்கும். அண்ணன் சரின்னு போட்டிருக்காரு."

திரையைக் காட்டினார். வைரஸை விரட்ட ஒன்றுக்கு இரண்டு, ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டு. பஞ்சாங்கம். அமெரிக்காவில் ஏதோ ஊருக்கு வானிலை. யாரும் ஆடாத சீட்டாட்டம். பழைய இரும்புக்குப் போட்டுவிட்ட பிரிண்டரின் ஆள்கூட இன்னும் காலையில் எழுந்து பிரிண்டரைத் தேடிக்கொண்டிருந்தது.

"கேட்டுச்சு, வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார் இவர்.

இல்யாஸ் சிரிக்கவில்லை. "அழிக்க வேண்டாமுங்கண்ணா. கூடவே எந்திரிக்க வேண்டாம்னு சொன்னாப் போதும். வேணுங்கறப்ப நாம கூப்பிட்டுக்கலாம். நீங்களே அமுத்துங்க" என்று மவுஸை அவர் பக்கம் தள்ளினார்.

முதலில் பிரிண்டர். இவர் கை அப்படியே நின்றது. பிறகு அமுக்கிவிட்டு, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல "வேண்டாம்" என்றார். அடுத்து வானிலை. "வேண்டாம்." சீட்டாட்டத்துக்கு வரும்போது குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது. முகத்தில் நான் பார்த்திராத ஒரு களை.

அணைத்துத் திறந்தபோது, நான் அடுப்படி நிலையைத் தாண்டுவதற்குள் திரை வந்துவிட்டது. இல்யாஸ் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். லேப்டாப் தயாராக இருந்தது, இவர் தயாராக இல்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் இவர் அது திறக்கத்தான் காத்திருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

"ஏனுங்க, படத்தையெல்லாம் அனுப்பிப்போடுங்க. அண்ணன் பாத்துட்டிருப்பாரு."

"வேண்டாம்."

"எது வேண்டாம்?"

"பெருந்துறை."

அவர் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"அங்க போனா எந்திரிச்சதுல இருந்து ஆளுக்கொண்ணு கேப்பாங்க. நானும் செஞ்சுட்டே இருப்பேன். இங்க காலைல இந்தக் காத்துல சித்த நேரம் உக்காந்திருக்கேன் பாரு, அந்நேரத்துக்கு மட்டும் என்னைய யாரும் எதும் கேக்கறதில்லை. எங்கெங்கயோ போயிட்டு வர்றேன். அது எனக்குப் போதும்."

சுருக்கென்று கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் ஆகட்டும், முதல் வேண்டாம் கட்டிய பெண்டாட்டிக்கா? கோபத்துக்குப் பின்னாலேயே பயமும் வந்தது. இத்தனை வருஷத்து ஆகட்டும்களில் எது மனசார, எது தாட்சண்யத்துக்கு?

"அப்ப என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவும் ஆகட்டும்னுதான சொல்லிருப்பீங்க?"

அவர் இப்போதுதான் திரும்பினார். "அன்னைக்கு என்னைய யாரு கேட்டாங்க அம்மணி? எங்கய்யனும் உங்கய்யனும் பேசி முடிச்சுப்போட்டாங்க."

அது உண்மை. என்னையும் யாரும் கேட்கவில்லை.

"சரி, இப்ப நான் கேக்கறேன்" என்றேன்.

அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே காற்று அடித்துக்கொண்டே இருந்தது. குக்கர் விசில் அடித்தது, நான் நகரவில்லை. தினமும் அந்த வட்டத்தைத் திட்டுகிறவள், அன்று காத்துக்கொண்டு நின்றேன்.

"வேணும்" என்றார்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். போன் அடித்தது. அண்ணன்தான். இவர் பழக்கத்தில் கையை நீட்டினார், நான் முந்திக்கொண்டேன். அண்ணனிடம் நானும் எதையும் மறுத்துப் பழகியவள் இல்லை.

"அண்ணா, அந்த மனை எங்களுக்கு வேண்டாமுங்க."

ஏன் என்று கேட்டார்.

"அவருக்கு இங்கதான் இருக்கோணுமாமுங்க" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.