அதிகாரியம்மா வீடு பார்க்க வந்த நாள்

எனக்குச் சிறு வயதிலிருந்தே முன்கோபம். பிறந்த வீட்டில் மிளகாய்ப்பழம் என்று பெயர். நார்த்தாமலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அது குறைந்தபாடில்லை. அதனால் நான் ஊர்ப் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றாமலே சிரித்தார்.

“ஒன் கோவத்துக்குப் பெரியவங்களே பஸ் ஏறி ஓடிருறாங்க. பச்சப்புள்ளைக எங்கிட்டு ஓடும்?”

அப்போது எங்கள் பக்கம் வட்டார வளர்ச்சிக்கென்று பிளாக் ஆபீஸ் வந்த புதிது. ஐம்பதுகளின் பிற்பகுதி. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் கைக்குழந்தையை வரப்போரத்து மரத்தில் சேலைத் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்குவார்கள். கட்டெறும்பு கடித்தால் பிள்ளை வீறிடும். மூத்த பெண் உள்ள வீடென்றால் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டுத் தம்பி தங்கைக்குக் காவல் வைப்பார்கள். இதற்குத்தான் பிளாக் ஆபீஸில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். தன் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முன்வரும் பெண்ணுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். சில மாதம் நடத்திப் பார்த்த பிறகு மேலதிகாரி வந்து வீட்டைப் பார்ப்பார். திருப்தியாக இருந்தால் அனுமதி. பால் பவுடர், விளையாட்டுச் சாமான், கைச்செலவுக்கு ஏதோ ஒரு தொகை எல்லாம் அதற்குப் பிறகு வரும். திருப்தி இல்லையென்றால் மூடிவிட வேண்டியதுதான்.

நான் ஏன் பெயர் கொடுத்தேன் என்று கேட்டால், மகன் பள்ளிக்கூடம் போன பிறகு பகலெல்லாம் வீட்டில் சண்டை போடக்கூட ஆளில்லை என்பேன். அது விளையாட்டுக்குச் சொல்வது. உண்மை வேறு. இந்த ஊரில் யாராவது என்னை நம்பி எதையாவது ஒப்படைக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. கோபக்காரியிடம் யாரும் ஒரு சொம்பைக்கூடக் கொடுத்து வைக்கச் சொல்வதில்லை.

பயிற்சி பிளாக் ஆபீஸுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் நடந்தது. சொல்லிக் கொடுத்தது பிளாக் ஆபீஸ் ஊழியரான கிராம சேவிகா. என்னைவிட இளையவள், கல்யாணம் ஆகாதவள். இந்தப் பெண் நமக்கு என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறது என்று முணுமுணுத்தவர்களில் நான்தான் முதல் ஆள். ஆனால் அவளிடம் விஷயம் இருந்தது. பால் பவுடரைக் கட்டி தட்டாமல் கரைப்பது, தூங்கும்போது நகம் வெட்டுவது, கிணற்றடிக்குப் படல் கட்டி மறைப்பது, பேச வரும் பிள்ளையை “சும்மா இரு” என்று அடக்காமல் பதில் சொல்வது என்று அவள் காட்டியதெல்லாம் ஒரு பிள்ளை பெற்று வளர்த்த எனக்குப் புதிதாகத்தான் இருந்தது.

ஒருநாள் எழுந்து வெளிப்படையாகவே கேட்டுவிட்டேன்.

“எனக்குக் கோவம் வருமேங்க, என்ன செய்யறது?”

கொட்டகை கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“வரத்தான் செய்யும். ஒங்களுக்கும் வரும், புள்ளைங்களுக்கும் வரும். வரட்டும். புள்ளைங்க முன்னாடி சத்தம் மட்டும் போட்றாதீங்க. அந்த ஒண்ணு இருந்தா மேலேருந்து வர்றவங்க அனுமதி தர மாட்டாங்க.”

அது என் தலையிலேயே எழுதியதுபோல் நின்றுவிட்டது.

ஐந்தாறு பிள்ளைகளோடு ஆரம்பித்தோம். மேலவீட்டு அக்கா மட்டும் தன் மகளை அனுப்பவில்லை. “கெணத்தடியில வாளியோட சண்ட போடுறவ அவ. அவகிட்ட எம்புள்ளையவா?” என்று சொன்னாளாம். கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை. அந்த வாளி அப்படிப்பட்ட வாளி. கண்மாய் நிறைந்து ஐப்பசி நடவு ஆரம்பித்ததும் அவளுக்கும் வேறு வழியில்லாமல் போயிற்று. நாலு வயது மகளைக் கொண்டுவந்து விட்டாள். விட்டுவிட்டுப் போகாமல், நான் சத்தம் போடுகிறேனா என்று வேலிக்கு அந்தப் பக்கம் நெடுநேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டுப் பாடினேன்.

சேவிகா வாராவாரம் வந்தாள். குறை சொல்ல வந்தவள் மாதிரி வரமாட்டாள். மூலையில் உட்கார்ந்து பார்ப்பாள். ஒருமுறை மழை பிடித்துக்கொண்டு, எல்லாப் பிள்ளைக்கும் சளி, துணி ஒன்றும் காயவில்லை. “என்னால முடியலங்க, விட்டுர்றேன்” என்றேன். அவள் பஸ்ஸை விட்டுவிட்டு அன்று பொழுதுக்கும் என்னோடிருந்து அடுப்பைச் சுற்றித் துணி காயவைத்தாள். விட்டுவிடுகிற பேச்சை அதன் பிறகு நான் எடுக்கவில்லை. அந்தப் பெண்ணை நான் அன்றே என் கூடப் பிறந்தவளாக எடுத்துக்கொண்டேன்.

மேலதிகாரியம்மா வரும் நாள் தெரிந்தது. நான் அதை மேலவீட்டு அக்காவிடம் சொன்னதோடு சரி. அவள் ஊருக்கே சொல்லிவிட்டாள்.

அன்று விடிந்து நான் வாய்க்காலில் பிள்ளைத் துணிகளை அலசிவிட்டு வருவதற்குள் வீடு கல்யாண வீடாகிவிட்டது. வாசல் நிறையக் கோலம். பள்ளிக்கூடத்து பெஞ்சு ஒன்று நடுவீட்டில் கிடக்கிறது, அதன்மேல் ஜமுக்காளம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. அடுக்களையிலிருந்து எண்ணெயில் சீயப் பலகாரம் சுடுகிற வாசனை. நடவுக்குப் போக வேண்டிய அம்மாக்கள் அத்தனை பேரும் பெட்டியிலிருந்த சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மடியில் தீபாவளிச் சட்டை போட்ட பிள்ளைகள். தலையில் எண்ணெய் வழிகிறது, கன்னத்தில் மைப்பொட்டு. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு வீட்டை நாலுபேர் பார்க்க வருகிறார்களென்றால் அது பெண் பார்க்க வருவதுதான். பெண் பார்க்க வரும் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வராமல் இருந்தால் பெண்ணுக்குத்தானே குறைச்சல்?

உத்திரத்தைப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு நான் கட்டியிருந்த சேலைத் தொட்டில் ஒன்றுகூட இல்லை.

“கிழிஞ்ச சேலையப் போயி அதிகாரி பாக்கலாமா? அவுத்து ஒளிச்சு வச்சாச்சு” என்றாள் மேலவீட்டு அக்கா பெருமையாக. பிள்ளைகள் படுக்கும் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டிருந்தார்கள். கொல்லையில் விளையாடக் குவித்திருந்த மணலைக் குப்பை என்று நினைத்து வாரிக் கொட்டியிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் சேவிகாவின் குரல் கேட்டது.

மேலதிகாரியம்மா கண்ணாடி போட்டவர், வயதானவர். பெஞ்சில் உட்காராமல் நின்றபடியே சுற்றிப் பார்த்தார்.

“குழந்தைங்க எல்லாம் அவங்கவங்க அம்மா மடியிலதான் இருக்காங்க. இங்க உங்களுக்கு என்ன வேலை?”

“தினம் இப்படி இல்லைங்க” என்றேன்.

“எங்க தூங்க வைப்பீங்க?”

நான் உத்திரத்தைக் காட்டினேன். அங்கே ஒட்டடைகூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தார்கள். சேவிகாவின் முகம் வெளுத்துவிட்டது. அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார்.

நிலைமை சரியில்லை என்று அம்மாக்களுக்கும் புரிந்துவிட்டது. என்னைக் காப்பாற்ற எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். தங்கமான பொண்ணுங்க, கைராசிங்க, புள்ளைகன்னா உசுருங்க. மேலவீட்டு அக்கா எல்லோரையும் மிஞ்சினாள்.

“கோவம்னா என்னான்னே தெரியாதுங்க இதுக்கு!”

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

“எந்திரிங்க எல்லாரும்!” என்று கத்தினேன். “ஒங்கள யாரு வரச் சொன்னா? நடவப் போட்டுட்டு இங்க என்ன கல்யாணமா நடக்குது? எந்தொட்டில எங்க வச்சீங்க? எம்மணல எங்க கொட்டுனீங்க? கும்பிட்டுக் கேக்குறேன், கெளம்புங்க!”

தெருமுனை வரை கேட்டிருக்கும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள். என் சத்தத்தை அவர்கள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார்கள். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். யார் முகத்தையும் பார்க்க முடியாமல் நின்றேன்.

மேலவீட்டு அக்காவின் மகள் மடியிலிருந்து இறங்கினாள். நேராக அடுக்களைக்குப் போனாள். தம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டு, பாவாடை முழுக்கச் சிந்திக்கொண்டு வந்தாள். என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காரு அத்தை.”

உட்கார்ந்தேன்.

“குடி.”

குடித்தேன். தம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, எண்ணெய்க் கையால் என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். என் மூச்சு அடங்கும் வரை முகத்தையே பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றாள். பிறகு கேட்டாள்.

“இப்பச் சொல்லு. ஒனக்கு என்ன வேணும்?”

“தொட்டில் வேணும்” என்றேன்.

அவள் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்து, “அம்மா, தொட்டிலக் குடுத்துரு” என்றாள்.

மேலவீட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அதிகாரியம்மா அந்தச் சின்னவள் முன்னால் குனிந்தார்.

“இப்படிச் செய்யணும்னு உனக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தா?”

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. “யாரும் சொல்லல. இங்க யாருக்குக் கோவம் வந்தாலும் இப்படித்தான்” என்றாள்.

அதிகாரியம்மா நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மாக்களைப் பார்த்துத்தான் பேசினார்.

“நீங்கள்லாம் வேலைக்குப் போங்கம்மா. குழந்தைங்க இங்கயே இருக்கட்டும்.”

முதலில் எழுந்தது மேலவீட்டு அக்காதான். ஒளித்து வைத்திருந்த தொட்டில் சேலைகளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். மகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போனாள். அன்றைக்கு அவள் வேலிப் பக்கம் நிற்கவில்லை.